போனுக்கு எட்டும் வைஃபை லேப்டாப்புக்கு ஏன் எட்டவில்லை?

இந்தக் கடிதத்தை எழுதியிருப்பவர் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாலை வேளைகளில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"இரண்டு மாதமாக என் லேப்டாப்பில் வைஃபை நிற்பதில்லை. ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. நான் வகுப்பு எடுப்பது உள் அறையில். அங்கே சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. அதே மேசையில் இருக்கும் போனில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடுகிறது.

மூன்று வாரத்துக்கு முன், ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்களே என்று பின்னால் இருந்த சின்னத் துளையில் ஊசியை விட்டு அழுத்தினேன். இணையமே போய்விட்டது. ஒன்றரை நாள் கழித்து இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து ஆள் வந்து மறுபடி அமைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்னொரு தொல்லை. ஹாலில் வைத்தால்கூடச் சில நேரம் 'இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை' என்கிறது. மூன்றாவது, நான்காவது முறை அழுத்தினால் இணைகிறது. சில சமயம் இணைந்துவிட்டு 'இணையம் இல்லை' என்கிறது. போனில், பெயரின் முடிவில் 5ஜி என்று இன்னொரு வைஃபையும் தெரிகிறது. லேப்டாப்பில் அது தெரிவதே இல்லை. அதற்கு 5ஜி சிம் வேண்டுமாமே?

தெரிந்தவர் ஒருவர் லேப்டாப்பை ஃபார்மட் செய்யச் சொல்கிறார். இன்னொருவர் ரவுட்டரை மாற்றச் சொல்கிறார். மகன் எக்ஸ்டெண்டர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். இணையத்தில் தேடிக் கிடைத்த உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். என் திரையைப் பார்க்க ஒரு ஆப் போடச் சொன்னார்கள், பயந்து வைத்துவிட்டேன். நான் தினமும் இரவு ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன். பாட வீடியோக்கள் உள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்று எப்போதும் செருகியே இருக்கும். லேப்டாப்புக்கு ஆறு வருஷம் ஆகிறது, மற்றபடி குறை இல்லை. திரையை மூடித் திறக்கும் கீல் உடைந்திருந்தது, அதையும் சரிசெய்தாகிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?"

வணக்கம் டீச்சர். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: கீல் உடைந்ததும் அதைச் சரிசெய்ததும். எப்போது என்று எழுதவில்லை. அது இரண்டு மாதத்துக்கு முன் என்றால், உங்கள் முதல் தொல்லையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

யார் வந்து வைஃபை வரவில்லை என்றாலும் நான் முதலில் கேட்பது "எப்போதிலிருந்து?" அடுத்தது "அதற்குச் சற்று முன் யார் எதைத் தொட்டார்கள்?" நன்றாக ஓடிக்கொண்டிருந்தது தானாகக் கெடுவதும் உண்டு, ஆனால் நான் பார்த்தவரை, கைபட்ட பிறகு கெட்டதுதான் அதிகம். உங்கள் கடிதத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன் சிக்னல் பலவீனமானது. மூன்று வாரத்துக்கு முன், ஊசி குத்திய பிறகு, இணைவதிலேயே சிக்கல் வந்தது. இரண்டும் ஒரே லேப்டாப்பில் ஒரே சமயத்தில் தெரிவதால் ஒரே நோய் போலத் தோன்றுகிறது. அதனால்தான் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். விடை தப்பாக வந்த கணக்கை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்ல மாட்டீர்கள் இல்லையா? எந்த வரியில் பிசகியது என்றுதானே பார்ப்பீர்கள்? அதையே இங்கேயும் செய்வோம். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கீலுக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?

லேப்டாப்பின் வைஃபை கார்டு விசைப்பலகைக்குக் கீழே இருக்கும். அதன் ஆண்டெனா பெரும்பாலான மாடல்களில் அங்கே இருக்காது. திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள், மேல் விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து நூல் போன்ற இரண்டு கம்பிகள் கீலின் வழியாகக் கீழே இறங்கி, கடுகளவு உலோகப் பொத்தான்களாக அந்தக் கார்டின் மேல் அழுத்தப்பட்டிருக்கும். கீலைச் சரிசெய்ய லேப்டாப்பைத் திறந்தவர் இந்தக் கம்பிகளைக் கழற்றித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும், அல்லது ஒதுக்கியாவது வைத்திருப்பார். திரும்ப மூடும்போது பொத்தான் சரியாக உட்காராமல் போகலாம். கம்பி கீலுக்குள் நசுங்கியிருக்கலாம். உடைந்த கீலே அதை முன்னமே அறுத்திருக்கவும் கூடும். அப்படியென்றால் பழுது பார்த்தவர் மேல் தவறில்லை.

இரண்டு கம்பியில் ஒன்று விட்டுப்போனால் வைஃபை தடுமாறும். இரண்டும் விட்டுப்போனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வேலை செய்யும். "ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் சரியாகிவிடுகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டில் ஒன்றுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆனாலும் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். சில மாடல்களில் ஆண்டெனா கீழ்ப்பகுதியிலேயே இருக்கும். அதோடு, "போனில் ஓடுகிறது, ஆகவே அந்த அறையில் சிக்னல் இருக்கிறது" என்ற உங்கள் வாதத்திலும் இரண்டு ஓட்டை இருக்கிறது. வைஃபை பலவீனமானால் போன்கள் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் பார்த்த வீடியோ சிம் வழியாகக்கூட வந்திருக்கலாம். அல்லது போன் அந்த 5ஜி பெயரில் இணைந்திருக்கலாம். அப்போது லேப்டாப்போடு ஒப்பிடவே முடியாது. ஆகவே போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, லேப்டாப் இணையும் அதே பெயரில் இணைத்து, அதே மேசையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் போன் நன்றாக இருந்தால் உங்கள் வாதம் நிற்கும்.

சிக்னல் கோடுகளை ரொம்ப நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எத்தனை கோடு போடுவது என்பது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு. போதாததற்கு, ரவுட்டர் பேசுவது லேப்டாப்புக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். லேப்டாப் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது. கோடு நிறைய இருந்தும் இணைப்பு அறுவதற்கு இதுவும் ஒரு காரணம். போனில் வைஃபை அளக்கும் இலவச ஆப்கள் உண்டு. அவை டெசிபல் கணக்கில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 நல்ல சிக்னல். மைனஸ் 67 வரை வீடியோ வகுப்பு நடத்தலாம். மைனஸ் 80-ஐத் தொட்டால் இருந்தும் இல்லாதது போலத்தான். மூன்று டெசிபல் குறைந்தாலே சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். மடக்கைக் கணக்குத்தான், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திறக்கும் முன் அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றுங்கள்

இதைப் பலர் நம்புவதில்லை. யுஎஸ்பி 3 வகை ஹார்ட் டிஸ்குகளும் அவற்றின் கேபிளும் வேலை செய்யும்போது ஒரு வானொலி இரைச்சலைக் கசியவிடும், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில், அதாவது உங்கள் லேப்டாப்பின் வைஃபை ஓடும் அதே இடத்தில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் தாவித் தாவி ஓடுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். நானே ஒருமுறை ஓர் அலுவலகத்தில் ரவுட்டர், டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்), கேபிள் என்று ஒரு பகல் முழுவதும் மாற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் யாரோ டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கிளம்பியதும் எல்லாம் சரியானதைப் பார்த்து அசடு வழிந்திருக்கிறேன்.

டிஸ்கைக் கழற்றிவிட்டு உள் அறையில் அரை மணி நேரம் உட்காருங்கள். இணைப்பு நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. டிஸ்கை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், நல்ல கேபிளாகப் போட்டு லேப்டாப்பிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது வகுப்புக்கு வேண்டிய வீடியோவை மட்டும் முன்கூட்டியே லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். கொஞ்சம்தான் தேறியது என்றால், டிஸ்கும் ஒரு காரணம், கம்பியும் ஒரு காரணம். கம்பி தளர்ந்து சிக்னல் ஏற்கெனவே மெலிந்திருக்கும்போது, முன்பு தாங்கிய இரைச்சலை லேப்டாப்பால் இப்போது தாங்க முடியாது. டிஸ்க் வருஷக்கணக்காக அங்கேயே இருந்தும் தொல்லை இரண்டு மாதமாகத்தான் என்றால் அதற்கு விளக்கம் இதுவாக இருக்கலாம்.

ஊசி குத்திய பிறகு வந்த தொல்லை

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்ய மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போட்டால் போதும். அந்தச் சின்னத் துளைக்குள் இருப்பது ரீசெட். பல நொடி அழுத்திப் பிடித்தால் அது ரவுட்டரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். இணைப்பு நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். பலரும் செய்யும் தவறுதான், இதற்காக வருத்தப்பட வேண்டாம். இனி அந்தத் துளையின் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள்.

வந்தவர் மறுபடி அமைத்தபோது பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் போட்டிருக்கலாம். ஆனால் பாதுகாப்பு முறையை மாற்றியிருக்க வாய்ப்புண்டு. வைஃபையின் பூட்டுக்கு டபிள்யூபிஏ2 என்றொரு முறை 2004-இல் வந்தது. டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல். இப்போதைய ரவுட்டர்களில் இரண்டையும் கலந்து வைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆறு வருஷப் பழைய கார்டுகள் சில, டிரைவர் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், இந்தக் கலப்பு முறையில் திணறும். நாலு தடவை தட்டினால் ஒரு தடவை திறக்கும். நீங்கள் சொல்வதும் அதேதான்.

செய்ய வேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் உங்கள் நெட்வொர்க் பெயரின் மேல் வலது கிளிக் செய்து 'ஃபர்கெட்' கொடுங்கள். பழைய அமைப்பை லேப்டாப் மறந்துவிடும். மறுபடி பாஸ்வேர்டு போட்டு இணையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை எடுத்துப் போடுங்கள். அதை அந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். 'எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிக்கிறோம்' என்று கூவும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம். அதற்கும் மசியவில்லை என்றால், ரவுட்டர் அமைப்பில் பாதுகாப்பை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மட்டும் வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கும் அது வீட்டுக்குப் போதுமான பூட்டு. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்: டபிள்யூஇபி என்ற பழைய முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. 'பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைத்தால் சட்டென்று இணையும்' என்று யாராவது சொல்வார்கள். இணையும்தான், அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து இணைவார்கள். உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

'இணைந்தது, ஆனால் இணையம் இல்லை' என்பது வேறு கதை. பாதையை மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து வெளி உலகம் வரை, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ். அந்த நேரத்தில் போனிலும் (மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு) இணையம் இல்லை என்றால் இரண்டாவது துண்டு, நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். போனில் இணையம் வந்து, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால், வைஃபை விவரங்களில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் வழக்கமாக ரவுட்டர் கொடுத்த முகவரி. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சிக்னல் மெலிந்திருக்கும்போது இப்படி நடக்கும். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் தீரலாம். முகவரி சரியாக இருந்தும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்-ஐ 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பானால் பிரௌசர் எந்தத் தளத்தையும் நம்பாது, திறக்கவும் செய்யாது.

இரண்டு சின்னத் திருத்தங்கள்

வைஃபை பெயரில் உள்ள 5ஜி, போனில் வரும் ஐந்தாம் தலைமுறை 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். சிம்முக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. உங்கள் லேப்டாப்பில் அது தெரியாததற்கு எளிய காரணம், அந்தக் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசக்கூடியதாக இருக்கலாம். விலை குறைந்த மாடல்களில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் (லேப்டாப்பின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் இடம்) நெட்வொர்க் அடாப்டர் பெயரில் 'ஏசி' அல்லது 'ஏஎக்ஸ்' என்ற எழுத்துகள் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் தெரிந்த கார்டு. அப்படி இருந்தும் பட்டியலில் காட்டவில்லை என்றால், கார்டுக்குத் தெரியாத ஒரு சேனலில், அதாவது 5 கிகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும் ஓர் உட்பிரிவில், ரவுட்டர் பேசிக்கொண்டிருக்கலாம். சேனலை 36-க்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவர் தாண்டும் வலு குறைவு. உள் அறைக்கு அது வரம் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நன்மை உண்டு: ஹார்ட் டிஸ்க் இரைச்சல், மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் 2.4-இல்தான் குறுக்கிடும், 5 அதிலிருந்து தப்பும்.

அடுத்தது, தினமும் ஷட் டவுன் செய்வது. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பல லேப்டாப்களில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' தானாகவே போட்டிருக்கும். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் அடித்தளமும் டிரைவர்களும் முழுதாக அணையாது. தூங்கவைத்து, காலையில் அப்படியே எழுப்பிவிடும். முந்தின நாள் குழம்பிய வைஃபை டிரைவர் மறுநாளும் குழம்பியபடியே எழும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அப்படியே டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில மாடல்களில் அந்தப் பக்கமே இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

சரி, யார் சொல்வதைக் கேட்பது?

ஃபார்மட் செய்யச் சொன்னவர் சொல்வதை இப்போது கேட்க வேண்டாம். கழன்ற கம்பியை எந்த மென்பொருளும் மாட்டாது. உங்கள் பாடங்களும் படங்களும்தான் அழியும். டிரைவர் வரை எல்லாம் பார்த்தும் ரவுட்டர் பக்கத்திலேயே இணைய மறுத்தால், அதுவும் பேக்கப் எடுத்த பிறகு, யோசிக்கலாம்.

ரவுட்டரை மாற்றினால் போனுக்கு இன்னும் நன்றாக வரும், லேப்டாப் அதே இடத்தில் நிற்கும். வாங்குவதற்குப் பதிலாக இருப்பதை இடம் மாற்றிப் பாருங்கள். டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ இருந்தால் வெளியே எடுத்து, ஆள் உயரத்தில், உள் அறையின் கதவு நேராகத் தெரியும்படி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மகன் சொல்லும் எக்ஸ்டெண்டர் கெட்ட யோசனை இல்லை, இந்த நோய்க்கு உரியதில்லை. அறைக்குள் சிக்னல் வராத வீடுகளுக்கு அது பயன்படும். சாதாரண வகைகள் ரவுட்டரிடம் வாங்குவதற்கும் உங்களுக்குக் கொடுப்பதற்கும் ஒரே அலையைப் பயன்படுத்துவதால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். அவர் கண்டிப்பாக ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்றால், யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்றைக் கேளுங்கள், 5 கிகாஹெர்ட்ஸும் உள்ளதாக. அதற்குச் சொந்த ஆண்டெனா இருப்பதால் உள்ளே கம்பி அறுந்திருந்தாலும் கவலையில்லை. கம்பியை மாற்ற முடியாது என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டால் உங்களுக்கு அதுதான் வழி. ஹாலிலிருந்து உள் அறைக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் இழுக்க முடியுமானால் வைஃபை பேச்சே வேண்டாம். 100 மீட்டர் வரை அது அசராமல் வரும். சுவரில் துளை போட வீட்டில் யார் சம்மதிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கம்பியைப் பார்க்க லேப்டாப்பை நீங்களே திறக்க வேண்டாம். அந்தப் பொத்தான்கள் மொத்தம் முப்பது தடவை கழற்றி மாட்டுவதற்காக மட்டுமே செய்யப்பட்டவை. கோணலாக இழுத்தால் கார்டோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

திரும்பக் கொடுக்கும்போது

கீலைச் சரிசெய்தவரிடமே முதலில் போங்கள். "வைஃபை வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அவரும் ஃபார்மட் என்றுதான் ஆரம்பிப்பார். "கீல் வேலைக்குப் பிறகு சிக்னல் குறைந்திருக்கிறது, இரண்டு ஆண்டெனா கம்பியும் கார்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்" என்று சொல்லுங்கள். தான் செய்த வேலையில் விட்டுப்போனதைக் காசு வாங்காமல் சரிசெய்து தரும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். உடைந்த கீல் கம்பியை அறுத்திருந்தால் அது புது வேலை, அதற்குக் கூலி கேட்பதும் நியாயம்தான். எதைச் செய்வதற்கும் முன் உங்களிடம் கேட்க வேண்டும், உங்கள் சம்மதமில்லாமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்த வேலைக்கு உங்கள் லேப்டாப் பாஸ்வேர்டு தேவையில்லை. மாட்டி முடித்ததும் நீங்களே திறந்து, கடையின் மறுகோடியிலிருந்து சிக்னல் பார்த்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை: பேக்கப், அப்புறம் மீட்புச் சாவி. பல விண்டோஸ் லேப்டாப்களில் டிஸ்க் பூட்டு தானாகவே போட்டிருக்கும். உள்ளே ஏதாவது மாறினால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு அடம்பிடிக்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்னதாகவே எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு நிறுவனத்தின் பொறுப்பு ரவுட்டரோடு முடிகிறது. லேப்டாப்பை அவர்கள் பார்க்க மாட்டார்கள், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் என்ன அமைத்தார்கள், ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு என்ன என்று கேளுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் அதுவும் வேறு வேறு. எழுதி வாங்கியதும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். பல ரவுட்டர்களில் அது எல்லாருக்கும் தெரிந்த ஒரே சொல்லாகவே கிடக்கும்.

ஆப் போடச் சொன்னவர்களிடம் போனை வைத்ததுதான் இந்தக் கடிதத்திலேயே நீங்கள் செய்த சிறந்த காரியம். தேடலில் முதலில் வரும் உதவி எண் அந்த நிறுவனத்தின் எண்ணாகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவர்கள் திரையைப் பார்க்க ஆரம்பித்தால் அடுத்து வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். எண் வேண்டுமென்றால் பில்லிலோ ரவுட்டரின் அடியிலோ அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அந்த ஆப் பாதியிலாவது இறங்கியிருந்தால் நீக்கிவிடுங்கள்.

இதெல்லாம் முடிய ஒரு வாரம் ஆகலாம். அதுவரை வகுப்பு நிற்க வேண்டாம். உங்களுடையது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதை வைஃபையில் இணைத்து, சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். போன் வாங்கும் வைஃபை கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இது நடக்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவைத்தால் சிம்மின் டேட்டாவும் செலவாகாது. டேட்டா போகக்கூடிய கேபிளாக இருக்க வேண்டும், சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். இதில் ஒரு மணி நேர வகுப்பு அறுபடாமல் நடந்துவிட்டால் ரவுட்டரின் மேலும் வெளி இணைப்பின் மேலும் சந்தேகம் வேண்டாம். மிச்சமிருப்பது லேப்டாப்பின் வைஃபை ஒன்றுதான்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றியபோது என்ன ஆனது, கீல் வேலை நடந்தது எந்தத் தேதியில், இந்த இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.